இராமானுஜனின் காய்ச்சல்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் காசநோயால் இறந்தார் என்றுதான் நாம் வாசித்த வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை சொல்கின்றன. 2015இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமும் அதையே காட்டியது. ஆனால் அவரைப் பரிசோதித்த வைத்தியர்களே அந்த முடிவில் உறுதியாக இருக்கவில்லை. அவர் இறந்து 74 ஆண்டுகள் கழித்து, அந்த நோய் நிர்ணயம் தவறாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் ஆதாரங்களோடு எழுதினார். அவருக்கு வந்தது வேறு நோய் என்றால், அதற்கான மருந்து அன்றே உலகில் இருந்தது. கணிதப் பிரிவு மாணவிகள் நேசிக்கும் இந்த மனிதரின் வாழ்க்கையை உயிரியல் பிரிவு மாணவிகளும் எங்கள் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

பிறப்பும் இளமையும்

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதும் சாதாரண ஊழியர். தாய் கோமளத்தம்மாள். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டிலேயே அவர் வளர்ந்தார்.

இரண்டு வயதில் அவருக்குப் பெரியம்மை வந்தது. அந்நாளில் அது எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோன நோய். அதிலிருந்து அவர் பிழைத்தார். பெரியம்மையும் சின்னமுத்தும் வெவ்வேறு நோய்கள் என்று சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து எழுதியவர் பக்தாதில் வைத்தியசாலையை நடத்திய அபூபக்ர் அர்ராஸி என்பதை நாம் இஸ்லாமிய வரலாற்றுப் பாடத்தில் அறிந்திருக்கிறோம். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நோய்களைப் பிரித்தறிவது எவ்வளவு முக்கியம் என்பதை இராமானுஜனின் கதை இறுதியில் மீண்டும் நம்மைக் கேட்க வைக்கும்.

1897இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்தில் அவர் முதலிடம் பெற்றார். பின்னர் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1903இல், கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. சுமார் 5000 தேற்றங்களை அந்த நூல் அடுக்கியிருந்தது. பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல் இல்லை. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்க அவர் உட்கார்ந்தார். அதன் பிறகு வேறு பாடங்களில் அவருக்கு மனம் செல்லவில்லை.

1904இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் புலமைப்பரிசில் பெற்றுச் சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கவனிக்காததால் அந்தப் புலமைப்பரிசில் பறிபோனது. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் பரீட்சையில் சித்தியடையவில்லை. அந்த 1906ஆம் ஆண்டில்தான் கடுமையான வயிற்றுளைவு நோய் கண்டு, படிப்பை இடையில் விட்டுவிட்டு மூன்று மாதம்வரை கும்பகோணத்தில் கிடந்தார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் ஒரு வரியில் கடந்துபோன செய்தி இது. இந்தக் கட்டுரையில் அது ஒரு முக்கியமான செய்தி.

1909 ஜூலையில் அவருக்கும் ஜானகி என்ற சிறுமிக்கும் திருமணம் நடந்தது. ஜானகிக்கு அப்போது பத்து வயதுதான். 1910 ஜனவரியில் விரைவீக்கத்துக்காக அவருக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. குடும்பத்தில் பணம் இல்லை. ஒரு வைத்தியர் கட்டணம் வாங்காமல் அதைச் செய்து கொடுத்தார். இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

வேலை தேடி அலைந்த நாட்களில் தம் குறிப்பேடுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கணிதம் தெரிந்தவர்களின் வாசல்களில் போய் நின்றார். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவருடைய முதலாவது கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் 1ஆம் திகதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் கணக்குப் பிரிவு இலிகிதராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும், கழகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த இலிகிதர் சாதாரணமானவர் அல்ல என்பதைக் கண்டுகொண்டார்கள்.

1913 ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதில் பல பக்கங்களுக்குச் சூத்திரங்கள் இருந்தன. இதற்குமுன் வேறு இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்கும் அவர் எழுதியிருந்தார், அவர்கள் கைகொடுக்கவில்லை. ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அவற்றை ஆராய்ந்தார். ஏமாற்றுக்காரன் ஒருவனால் கற்பனை செய்யவும் முடியாத சூத்திரங்கள் அவை என்று முடிவுசெய்து பதில் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கியது.

1914 மார்ச் 17ஆம் திகதி நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரலில் இலண்டனை அடைந்தார். ஜானகியைக் கூட்டிச் செல்லவில்லை. அதே கப்பலில் சௌரி முத்து என்ற தமிழ் வைத்தியர் ஒருவரும் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சை நிலையம் நடத்தியவர் அவர். பிற்காலத்தில், 1928இல், சென்னைக்கு அருகே தாம்பரத்தில் காசநோய் நிலையத்தை நிறுவியவரும் அவரே. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர் தமது நிலையத்திலேயே நோயாளியாக வந்து படுப்பார் என்று அன்று அவர் நினைத்திருக்க முடியாது.

போரும் பட்டினியும்

இராமானுஜன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜின் இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரி வளவுகள் படையினருக்கும் காயப்பட்டவர்களுக்கும் உரியவையாயின.

இராமானுஜன் ஆசாரமான வைணவக் குடும்பத்தவர். மாமிசமோ முட்டையோ தொடாதவர். கல்லூரிச் சமையலறையில் எந்தப் பாத்திரத்தில் எது பொரிந்தது என்று அவரால் அறிய முடியாது. அதனால் தம் அறையிலேயே சிறிய அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டார். ஹலால் உணவு கிடைக்காத நாட்டில் படிக்கப் போன எங்கள் உறவினர்கள் இதைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். போர் நீடிக்க நீடிக்க நல்ல மரக்கறி கிடைப்பது அரிதாகியது. ஊரிலிருந்து வர வேண்டிய பொதிகளும் தாமதமாயின. கணிதத்தில் மூழ்கினால் நேரம் தெரியாமல் இரவு பகலாக உழைத்து, பிறகு நீண்ட நேரம் உறங்கிப்போவதும் அவர் வழக்கமாக இருந்தது.

ஆனால் வேலை மட்டும் நிற்கவில்லை. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்ற கேள்விக்கு ஹார்டியும் அவரும் சேர்ந்து கண்ட விடை கணித உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 4 என்ற எண்ணை ஐந்து விதமாக எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் பெரிதாகும்போது இந்தத் தொகை கட்டுக்கடங்காமல் போகும். 200 என்ற எண்ணுக்கு அது கிட்டத்தட்ட நான்கு இலட்சம் கோடியைத் தொடும் தொகை. அதைக் கணிக்க ஒரு சூத்திரத்தை அவர்கள் கண்டார்கள்.

ஒரு நோய்க்குப் பல பெயர்கள்

1917 வசந்த காலத்தில் அவர் நோயில் விழுந்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ மனையில் சேர்த்தார்கள். இரைப்பைப் புண் என்பதே முதலாவது ஊகம். பிறகு அது கைவிடப்பட்டுக் காசநோய் என்ற எண்ணம் வந்தது. சமர்செட் மாகாணத்தில் மெண்டிப் மலையில் சௌரி முத்து நடத்திய நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து டார்பிஷயர் மாகாணத்தின் மட்லொக் என்ற ஊரிலிருந்த நிலையத்துக்கு மாறினார். அங்கேதான் நீண்ட காலம் இருந்தார். பின்னர் இலண்டனில் பிட்ஸ்ரோய் இல்லம், அதற்குப் பிறகு பட்னி என்ற புறநகரில் ஒரு மருத்துவ மனை. இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்து இடங்கள்.

காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நோயை உண்டாக்கும் பற்றீரியாவை ரொபர்ட் கொக் 1882இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1940களில்தான். அதுவரை தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்பவையே சிகிச்சை. குளிர்காலத்திலும் யன்னல்களைத் திறந்து வைத்து நோயாளிகளைப் படுக்க வைப்பார்கள். டிசம்பர் மாத விடியற்காலையில் ரிவஸ்டன் மலையுச்சியில் போர்வையோடு நின்று பார்த்தவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்கு விளங்கும். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த அந்த மனிதர் குளிரைத் தாங்க முடியாமல் முறையிட்டார். ஊட்டமான உணவு என்று அங்கே வழங்கியதில் பெரும்பகுதியை அவரால் உண்ணவும் முடியவில்லை. இந்தச் சிகிச்சையின் நன்மை அவருக்குக் கிடைத்ததோ இல்லையோ, துன்பம் முழுவதும் கிடைத்தது.

இராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியியலாளர் ஒருவர் அப்போது இங்கிலாந்தில் வேலை செய்தார். 1918 ஜூனில் அவர் மட்லொக்குக்குப் போய் இராமானுஜனைப் பார்த்தார். நண்பரின் காய்ச்சல், உணவு, மெலிவு எல்லாவற்றையும் கவனித்து ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். வைத்தியர் அல்லாத ஒரு நண்பரின் அந்தக் கடிதம், பிற்காலத்தில் இந்த நோயை ஆராய்ந்தவர்களுக்குப் பெரும் உதவியாயிற்று.

அதே 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் றோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவு செய்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினர் பதவியும் கிடைத்தது. அந்தப் பதவியைப் பெற்ற முதலாவது இந்தியர் அவரே. கௌரவங்கள் ஒரு பக்கம் வந்து சேர, மறுபக்கம் அவருக்கு என்ன நோய் என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் பேட்டி ஷா என்ற இலண்டன் வைத்தியர் அவரைப் பார்த்தார். மற்ற வைத்தியர்கள் அறியாத ஒன்றை அவர் கேட்டறிந்தார். அதுதான் 1910இல் நடந்த அந்தச் சத்திரசிகிச்சை. அன்று அகற்றப்பட்டது ஒருவேளை புற்றுநோய்க் கட்டியாக இருந்திருக்கலாம், அது இப்போது உடலின் வேறிடத்துக்குப் பரவியிருக்கலாம் என்று அவர் அஞ்சினார். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. மாதங்கள் கடந்தும் நோயாளியின் நிலை மோசமாகாததால் அவரே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

1918 நவம்பரில் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன. இரைப்பைப் புண் என்ற எண்ணம் கைவிடப்பட்டது, காசநோய் என்பது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து என்று அவர் தெரிவித்தார். காய்ச்சல் தணிந்துவிட்டது, எடையும் கூடியிருக்கிறது என்ற மகிழ்ச்சியான செய்தியையும் சேர்த்திருந்தார். தற்காலிகம் என்று ஹார்டி எழுதிய அந்தக் கருத்தே பின்னாளில் வாழ்க்கைக் குறிப்புகளில் உறுதியான உண்மையாக மாறியது.

பட்னியில் இருந்தபோது நடந்த வாடகைக் கார்க் கதையை எல்லோரும் அறிவோம். தாம் வந்த காரின் எண் 1729, சுவையற்ற எண் என்று ஹார்டி சொன்னார். படுக்கையில் கிடந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார். 1இன் கனமும் 12இன் கனமும் கூடினாலும் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் கூடினாலும் 1729. உடல் அந்த நிலையில் இருந்தும் மனம் அப்படி வேலை செய்தது.

திரும்பி வந்த ஓராண்டு

1919 பெப்ரவரி 27ஆம் திகதி நகோயா என்ற கப்பலில் புறப்பட்டு மார்ச்சில் இந்தியா திரும்பினார். சென்னை, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று இடம் மாறினார்கள். காய்ச்சல் திரும்ப வந்தது. சென்னையில் அவரைப் பார்த்த வைத்தியர் சந்திரசேகர் காசநோய் என்றே சிகிச்சை அளித்தார்.

ஜானகி அப்போது இருபது வயதுப் பெண். திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும் கணவரோடு உண்மையில் வாழ்ந்தது இந்த ஓராண்டுதான். சாதமும் மோரும் எலுமிச்சைச் சாறும் நேரத்துக்குக் கொடுத்தார். வலி வரும்போது ஒத்தடம் கொடுத்தார். படுக்கையில் சாய்ந்தபடியே கணவர் எழுதிப்போட்ட தாள்களைச் சேர்த்து வைத்தார். 1920 ஜனவரியில் இராமானுஜன் ஹார்டிக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினார். போலித் தீற்றாச் சார்புகள் என்று இன்று அழைக்கப்படும் புதிய கண்டுபிடிப்பு அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலில் வெளிப்பட்டது.

1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது 32.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். தொலைந்த குறிப்பேடு என்று உலகம் அதை அழைக்கிறது. ஜானகி தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, ஓர் அநாதைச் சிறுவனைப் பிள்ளையாக வளர்த்து, 1994 வரை வாழ்ந்தார். தம் கணவருக்கு வைப்பதாகச் சொன்ன சிலை எங்கே என்று முதுமையில் அவர் கேட்ட கேள்வி வெளிநாட்டுக் கணித அறிஞர்களை எட்டியது. அவர்களே பணம் சேர்த்து மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்து அனுப்பினார்கள்.

சந்தேகம் எழுந்த விதம்

1984இல் ரொபர்ட் ராங்கின் என்ற பிரித்தானியக் கணித அறிஞர், நோயாளியாக இராமானுஜன் இருந்த காலத்தின் கடிதங்களையும் குறிப்புகளையும் தேடித் தொகுத்து வெளியிட்டார். அந்த ஆதாரங்களை எடுத்துக்கொண்டு 1994இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் றோயல் சொசைட்டியின் வரலாற்று ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். இராமானுஜனுக்கு இருந்தது காசநோய் அல்ல, ஈரலைத் தாக்கும் அமீபா நோய் என்பதே பெரும்பாலும் பொருந்துகிறது என்பது அவருடைய முடிவு.

அவருடைய நியாயத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். எண்டமீபா என்ற நுண்ணுயிர் அசுத்தமான நீர் வழியாகவும் உணவு வழியாகவும் குடலுக்குள் போகிறது. பெருங்குடலில் புண் உண்டாக்கி வயிற்றுளைவைத் தருகிறது. வயிற்றுளைவு தணிந்த பிறகும் அது குடலில் ஒளிந்து பல ஆண்டுகள் இருக்கக்கூடும். பிறகு ஒருநாள் இரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். அப்போது வயிற்றோட்டம் இருக்க வேண்டும் என்றில்லை. விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு, வயிற்றின் மேற்பகுதியில் வலி என்பவையே தெரியும். இடையில் சில மாதங்கள் நோயாளி தேறியதுபோலவும் இருப்பார்.

இதை இராமானுஜனோடு ஒப்பிட்டார் யங். 1906இல் கடும் வயிற்றுளைவு. 1917இல் வயிற்று வலி, அதனால்தான் இரைப்பைப் புண் என்ற முதல் ஊகம். விட்டு விட்டுக் காய்ச்சல். 1918 இறுதியில் தேறியதுபோன்ற நிலை. அடுத்த ஆண்டு மீண்டும் நோய். தொடர் இருமல், சளி என்று நுரையீரலைச் சுட்டும் குறிகளோ பழைய பதிவுகளில் முன்னிற்கவில்லை. பேட்டி ஷா புற்றுநோய் பரவியிருக்கும் என்று பயந்ததற்கும், ஈரலில் ஏதோ மாறுதலைக் கண்டதே காரணமாக இருக்கலாம் என்று யங் கருதினார்.

காசநோய் என்று நினைக்க அன்றைய வைத்தியர்களுக்கும் காரணம் இருந்தது. மெலிந்து, இரவில் காய்ச்சலோடு வரும் இளைஞருக்கு அக்கால இங்கிலாந்தில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அவர்கள் அடிக்கடி கண்ட நோய் அது. அமீபா நோயோ வெப்ப நாடுகளில் வேலை செய்த வைத்தியர்களுக்கே நன்கு பழக்கமானது.

மனதை உறுத்துவது இனித்தான். 1912இல் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் என்ற வைத்தியர், இபெக்காக் வேரிலிருந்து எடுக்கும் எமெற்றின் என்ற மருந்தை ஊசியாகச் செலுத்தி அமீபா வயிற்றுளைவையும் ஈரல் சீழ்க்கட்டியையும் குணப்படுத்தலாம் என்று காட்டிவிட்டார். போர்க்காலத்தில் பிரித்தானியப் படையினருக்கும் அந்தச் சிகிச்சை கிடைத்தது. இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேற இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மருந்து அவர் பிறந்த நாட்டில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. யங் சொல்வது சரியானால், தேவைப்பட்டது ஒரு வைத்தியர் அந்தப் பழைய வயிற்றுளைவைப் பற்றிக் கேட்பதுதான்.

யங்கின் முடிவையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் அல்லர். 74 ஆண்டுகள் கழித்துக் கடிதங்களை வைத்து எழுதியவர். சென்னையில் நேரில் பார்த்த வைத்தியர் காசநோய் என்றே சொன்னார். காசநோய் நுரையீரலை மட்டும் தாக்கும் நோயும் அன்று. குடலிலும் எலும்பிலும்கூட வரும். உடலைத் திறந்து பார்த்த பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. ஆகவே இது நீதிமன்றத் தீர்ப்புப்போல முடிந்த விடயம் அன்று. காசநோய் என்ற நிர்ணயம் நம்பத்தக்கதா என்று கேட்டால், அன்றே அது தற்காலிகமானது, அதற்குப் பொருந்தாத குறிகள் இருந்தன, அவற்றை ஒருவரும் தொடர்ந்து தேடவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது

நோய் நிர்ணயம் என்பதும் ஒரு வகை நிறுவல்தான். கிடைத்த தரவுகளிலிருந்து முடிவுக்குப் போகிறோம். ஒரு தரவு விடுபட்டால் முடிவு மாறலாம். கணிதத்தில் ஒரு வரி பிழைத்தால் திரும்பிப் போய்த் திருத்தலாம். நோயாளியின் விடயத்தில் அதற்குக் காலம் கிடைக்காமல் போகலாம்.

அந்தத் தரவுகளில் பாதி நோயாளியிடமும் வீட்டாரிடமும் இருக்கின்றன. எப்போதோ வந்த காய்ச்சல், சிறுவயதில் செய்த சத்திரசிகிச்சை, ஒவ்வாத மருந்து ஆகிய இவற்றை வைத்தியர் கனவில் காண முடியாது. உக்குவளையிலோ கலேவெலயிலோ இரத்தோட்டையிலோ இருந்து மாத்தளைப் பெரிய வைத்தியசாலைக்குப் போகும்போது, பழைய கிளினிக் புத்தகத்தையும் டயக்னோசிஸ் கார்டையும் எடுத்துச் செல்வதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோவை வைத்து அவற்றைச் சேர்ப்பது உம்மாமார் எளிதாகச் செய்யக்கூடிய காரியம். வீட்டில் எழுதத் தெரிந்த மகள் இருந்தால் அந்தப் பொறுப்பை அவளே ஏற்கலாம்.

எங்கள் வயதுப் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. சில உபாதைகளைச் சொல்ல நாங்கள் வெட்கப்படுகிறோம். உம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறோம். வைத்தியர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறோம். இராமானுஜனின் சத்திரசிகிச்சை மற்ற வைத்தியர்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் எதுவோ நாம் அறியோம். மறைந்திருக்கும் ஒரு விவரம் எத்தனை பேரை வழிதவறச் செய்யும் என்பதை மட்டும் அதில் காண்கிறோம். பெண் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்கலாம். சொல்லாமல் இருப்பது மட்டும் வழியல்ல.

சிகிச்சை எடுத்தும் குணமாகாவிட்டால் இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பது முதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. அபூபக்ர் அர்ராஸி கேலனைத் தம் ஆசானாகவே மதித்தார். ஆனாலும் தாம் வைத்தியசாலையில் கண்டது கேலனின் நூலோடு பொருந்தாதபோது, அந்தச் சந்தேகங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். மரியாதையும் சந்தேகமும் ஒரே மனதில் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. அதே நேரத்தில், அயலவர் சொன்னதை வைத்து மாத்திரையை நிறுத்துவதும், கைப்பேசியில் பார்த்ததை வைத்து வைத்தியரோடு வாதாடுவதும் சந்தேகம் அல்ல, அவசரம். கேள்வி கேட்க வேண்டும். கேட்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். இது என்ன நோய், எதனால் அப்படி நினைக்கிறீர்கள், வேறு எதுவாகவும் இருக்கலாமா என்ற மூன்று கேள்விகளை எந்த நல்ல வைத்தியரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உயர்தரத்தில் உயிரியல் படித்து, நாளை வைத்தியராகவோ தாதியாகவோ ஆய்வுகூடத்திலோ வேலைக்குப் போக இருக்கும் சகோதரிகளும் இதை வாசிக்கிறார்கள். மெலிந்த உடலோடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலோடும் ஒருவர் உங்கள் முன் வந்து உட்காரும் நாள் வரும். அவரிடம், சிறுவயது முதல் உங்களுக்கு என்னென்ன நோய் வந்தது என்று கேட்டு, பதில் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.